குடக்காரனும் நானும்

திருநின்றவூரில் ஒரு கல்யாணம். பந்தியில் எனக்குப் பக்கத்து இலை என் மனைவியின் சித்தப்பாவுக்கு வாய்த்தது. மனுஷன் உட்கார்ந்து, இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்துவிட்டு, பக்கத்தில் யார் என்று திரும்பிப் பார்த்தார். என் முகத்தைக் கண்டதும், "எங்க ஊட்ல ஏற்கெனவே ரெண்டு அடுப்பு கீதுப்பா" என்றார். நான் வாயே திறக்கவில்லை. அவருக்கு வணக்கம்கூட இன்னும் சொல்லியிருக்கவில்லை. அவர் எழுந்து எதிர் வரிசைக்குப் போய்விட்டார். பரிமாறுகிறவர் அந்தக் காலி இலையிலும் பழக்க தோஷத்தில் உப்பு வைத்துவிட்டுப் போனார். சாப்பிட்டு முடிக்கும்வரை நான் அந்த உப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் கத்தினேன். "உங்க சித்தப்பா இன்னா பெரிய ஜில்லா கலெக்டரா?" அவள் புடவையை மடித்துக்கொண்டே, "நீ போன தடவை அவர் ஊட்டுக்குப் போனப்போ இன்னா பேசினே, அத்த யோசிச்சுப் பாரு" என்றாள். யோசித்துப் பார்த்தேன். ஸ்டவ்வைப் பற்றித்தான் பேசியிருந்தேன். அதற்கு முந்தின தடவையும் அதைத்தான் பேசியிருந்தேன்.

இது எழுபதுகளில். நான் அப்போது மண்ணெண்ணெயில் எரிகிற திரி ஸ்டவ் விற்றுக்கொண்டிருந்தேன். திருவள்ளூரில் ஒரு சின்னப் பட்டறையில் தகரத்தை வெட்டி வளைத்துச் செய்வார்கள். கடைகளுக்குப் போடமாட்டார்கள். என்னைப் போல நாலைந்து பேரிடம் கொடுத்து, வீடு வீடாகப் போய் விற்றுவா என்று அனுப்பிவிடுவார்கள். சம்பளம் கிடையாது, விற்றால் உண்டு. குடும்பம் மணவாள நகரில். எனக்கு ஒதுக்கின பக்கம் கும்மிடிப்பூண்டி. அங்கே பஜாருக்குப் பின்னால் ஒரு அறை எடுத்துத் தங்கி, சைக்கிள் கேரியரில் ஸ்டவ்களை அடுக்கிக் கட்டிக்கொண்டு சுற்றுவேன்.

அந்தப் பக்கம் அப்போதுதான் ஒவ்வொரு கம்பெனியாக வரத் தொடங்கியிருந்தது. ஷெட் போடுகிறவர்கள், இரும்பு அடிக்கிறவர்கள், லாரிக்காரர்கள் என்று எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வந்து ஒற்றை அறைகளில் குடியிருந்தார்கள். விறகு எரித்தால் சுவர் கறுத்துப்போகும் என்று வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். அதனால் அங்கே என் வாய்க்கு வேலையே இல்லை. ஸ்டவ்வைக் கீழே இறக்கி வைத்தால் போதும், எடுத்துக்கொள்வார்கள்.

ஏரிக்கரைக் குப்பங்கள் அப்படியில்லை. பழவேற்காட்டு ஏரியை ஒட்டி மீன் பிடிக்கிறவர்கள் இருக்கிற ஊர்கள் அவை. அடுப்பெரிக்கச் சவுக்கு மிளாறும் கருவேல முள்ளும் காலடியில் கிடக்கும். ரேஷனில் கிடைக்கிற கிருஷ்ணாயில் விளக்குக்கே போதாது. அங்கே போய் ஸ்டவ் விற்பது என்றால் சாமர்த்தியம் வேண்டும். அந்தச் சாமர்த்தியம் எனக்கு இருந்தது. அதைப் பற்றி எனக்குத் தலைகால் தெரியாத பெருமையும் இருந்தது.

என் முறை இதுதான். தெருவில் நின்று கூவமாட்டேன். ஊரில் நாலு பேர் மதிக்கிற வீடு எது என்று முதலில் விசாரித்துக்கொள்வேன். உச்சி வெயிலில் அந்த வீட்டு வாசலில் போய் நின்று, "யக்கா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடுக்கா" என்பேன். தண்ணீர் வரும். குடித்துவிட்டு உட்கார்ந்துவிடுவேன். "நீ எனுக்குத் தண்ணி குடுத்தே, நான் உனுக்கு டீ போட்டுத் தரேன்" என்று ஸ்டவ்வை எடுத்து வைப்பேன். டீத்தூள், சர்க்கரை, பால் பவுடர் எல்லாம் என் பையிலேயே இருக்கும். பாத்திரம் மட்டும் அவர்களுடையது. டீ கொதிக்கிற நேரத்தில், "பக்கத்து ஊட்டு அக்காவையும் கூப்புடேன்கா, சூடா கீது" என்பேன். அவர் கூப்பிடுவார். நாலைந்து பெண்கள் சேர்ந்துவிடுவார்கள். டீயைக் குடித்துவிட்டு, "இன்னா, நல்லா எரியுதா?" என்று அவர்கள் என்னைக் கேட்கமாட்டார்கள், அந்த வீட்டு அக்காவைக் கேட்பார்கள். அவர் எனக்காகப் பதில் சொல்வார். அப்புறம் நான் பேசவே வேண்டாம்.

வீட்டு அக்காவைச் சும்மா விடக்கூடாது இல்லையா? அவர் மூலமாக ஓர் ஆள் ஸ்டவ் வாங்கினால் அவருக்கு ஒரு கட்டுத் திரி இனாம். இந்தத் திரியை என் கைக்காசில்தான் கொடுத்தேன். பட்டறையில் யாரும் கொடுக்கச் சொல்லவில்லை. மற்ற விற்பனைக்காரர்களிடம் இந்த வித்தையைச் சொல்லக்கூட மாட்டேன், அவ்வளவு கெட்டிக்காரன் நான்.

ஏரிக்கரையில் ஒரு குப்பத்தில் எனக்கு அப்படி ஒரு அக்கா வாய்த்தார். நாற்பதை ஒட்டின வயது. அவர் வீட்டுக்காரர் ஏரியில் வலை போடுகிறவர், வாய் திறந்து பேசாத மனுஷன். அக்கா அதற்கு நேர்மாறு. எந்த வீட்டில் புருஷன் பெண்டாட்டி சண்டை வந்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். முதல் நாளே அவர் ஸ்டவ் வாங்கிக்கொண்டார். அவர் வாங்கியதைப் பார்த்து அந்தத் தெருவே வாங்கியது. நான் எப்போது போனாலும் அவர் வீட்டில்தான் இறங்குவேன். "வா நைனா, ஒக்காரு" என்பார். திரிக் கட்டைக் கொடுத்தால் சிரித்துக்கொண்டே வாங்கி உள்ளே வைத்துவிட்டு வருவார். எனக்கு அது சொந்த அக்காள் வீடு மாதிரி இருந்தது. அப்படித்தான் நான் நினைத்திருந்தேன்.

குடக்காரன் வந்தது இதற்குப் பிறகு. மெட்ராஸிலிருந்து வந்தான். சட்டையை உள்ளே விட்டு பெல்ட் போட்டிருப்பான். அவன் பெயர் யாருக்கும் சரியாகத் தெரியாது, குடக்காரன் என்றுதான் சொன்னார்கள். பணம் கட்டி ஒரு சீட்டு வாங்கவேண்டும். வாங்கினவர் தன்னைப் போல இன்னும் சிலரைச் சேர்த்துவிட்டால் அவருக்கு ஓர் எவர்சில்வர் குடம். சேர்ந்தவர்களும் அதேபோல ஆள் சேர்த்தால் அவர்களுக்கும் குடம். இப்படியே போய்க்கொண்டிருக்கும் என்றான். எங்கே போய் நிற்கும் என்று அவன் சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை. முதலில் சேர்ந்த சிலருக்கு நிஜமாகவே குடம் கொடுத்தான். கண்ணாடி மாதிரி மின்னுகிற குடம். அதைப் பார்த்து மற்றவர்கள் விழுந்தார்கள். பின்னால் சேர்ந்தவர்கள் குடத்துக்காகக் காத்திருந்தபோது அவன் வரவில்லை. அப்புறம் வரவே இல்லை.

எனக்கு இதெல்லாம் முதலில் வேடிக்கையாகத்தான் இருந்தது. கும்மிடிப்பூண்டி டீக்கடையில் ஒருத்தன் என்னைப் பார்த்து, "இன்னா வாத்தியாரே, நீயும் ஆள் சேக்கிற கோஷ்டிதானே? உங்க ஆளு குடத்தத் தூக்கினு எங்க பூட்டான்?" என்று கேட்கிறவரை.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல். "யாரைப் பாத்து யாரைச் சொல்றே?" என்று எழுந்தேன். அவன் சிரித்தான். நான் அவன் சட்டையைப் பிடித்தேன். டீக்கடைக்காரர் நடுவில் வந்து விலக்கினார். விலக்கிவிட்டு அவரே, "நீ ஏன் நைனா பேஜாரு பண்றே? மடியில கனமில்லாதவன் இப்டி குதிப்பானா?" என்றார். வம்புக்கு இழுத்தவன் அவன், ஆனால் கடையில் இருந்தவர்கள் எல்லோரும் என்னைத்தான் ஒரு மாதிரி பார்த்தார்கள்.

கோபப்பட்டால் நடக்காது என்று புரிந்தது. அடுத்து விளக்கம் சொல்ல ஆரம்பித்தேன். கேட்டவர்களுக்கும் சொன்னேன், கேட்காதவர்களுக்கும் சொன்னேன். "நான் அவன் மாதிரி இல்ல, என் தொழில் வேற" என்று பேச்சை ஆரம்பித்தால் எதிரே நிற்கிறவர் அப்போதுதான் அவனை நினைத்துக்கொள்வார். ஒரு வீட்டில் கற்பூரம் ஏற்றி அடித்துச் சத்தியம்கூடச் செய்தேன். அந்த வீட்டம்மா பயந்துபோய், "எங்க ஊட்டுல இன்னாத்துக்கு சாமி இதெல்லாம்" என்று கதவைச் சாத்திக்கொண்டார். சீ, என்ன பிழைப்பு இது என்று அன்றைக்கு சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்து வந்தேன், ஏறி மிதிக்கத் தோன்றவில்லை.

அந்த நிலையில்தான் ஏரிக்கரைக் குப்பத்துக்குப் போனேன். அக்கா வீடு சாத்தியிருந்தது. பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பார்த்து, "அக்கா எங்க?" என்றேன். அந்தப் பெண் என் கையால் எத்தனையோ டீ குடித்தவள். "எங்களுக்குத் தெர்லண்ணே" என்று உள்ளே போய்விட்டாள். வலையை உதறிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் என்னைக் கூப்பிட்டார். ஊர்ப் பஞ்சாயத்தில் ஒருத்தர் அவர்.

"நீதான ஸ்டவ்காரன்? இங்க ஒரு ரகளை நடந்துக்கினு கீது. உன் பேரும் அடிபடுது. வெள்ளிக்கியம கூட்டம் போட்டிருக்கோம். வந்து பதில் சொல்லிட்டுப் போ. வரலேன்னா இந்தப் பக்கம் தல காட்டாத."

என்ன ரகளை என்று அவரே சொன்னார். குப்பத்தில் குடக்காரனிடம் முதலில் சேர்ந்தது அந்த அக்காதான். அவர் சொல்லித்தான் மற்றவர்கள் சேர்ந்தார்கள். அவருக்குக் குடம் வந்துவிட்டது, சேர்ந்தவர்களுக்கு எதுவும் வரவில்லை. தெரிந்தே ஊரை மாட்டிவிட்டு, தான் மட்டும் குடத்தை வாங்கிக்கொண்டார் என்று ஒரு கட்சி. இல்லை, அவரும் ஏமாந்தவர்தான் என்று இன்னொரு கட்சி. தெரிந்தே செய்தார் என்று முடிவானால் அவர் வீட்டுக்காரரின் பாட்டை நிறுத்திவிடுவார்கள்.

பாடு என்பது வெளியாளுக்குத் தெரியாது. ஏரியில் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி மீனும் இறாலும் படாது. நல்ல இடங்கள் கொஞ்சம்தான். அதனால் குப்பத்துக் குடும்பங்கள் சீட்டுக் குலுக்கி, முறை வைத்து, ஆளுக்கொரு நாளாக அந்த இடங்களில் வலை கட்டுவார்கள். அந்த முறைக்குப் பெயர்தான் பாடு. தப்புச் செய்தவன் முறையை ஊர் எடுத்துவிடலாம். எடுத்துவிட்டால் அவன் கரையோரம் கிடைக்கிற பொடி மீனைத் தடவிக்கொண்டு கிடக்கவேண்டியதுதான். அந்த வீட்டில் அடுப்பு எரிவது அந்த முறையை நம்பித்தான்.

"இதுல நான் இன்னா பண்ணேன்?" என்று கேட்டேன்.

"அந்தப் பொம்பள சொல்லுது, ஸ்டவ்காரன் செஞ்சதத்தான் குடக்காரனும் செஞ்சான், ரெண்டும் ஒண்ணுன்னுதான் நென்ச்சேன்னு. நீ வந்து சொல்லு, ஒண்ணா வேறயான்னு."

எனக்கு அக்காமேல்தான் ஆத்திரம் வந்தது. என் சொந்த அக்காள் மாதிரி நினைத்த மனுஷி, என்னைக் கொண்டுபோய் அந்தத் திருட்டுப் பயலோடு சேர்த்து வைத்துவிட்டாரே என்று. பாட்டை நிறுத்தினால் அந்த வீடு என்ன ஆகும் என்று நான் யோசிக்கவில்லை. வெள்ளிக்கிழமை என்ன பேசுவது என்றே யோசித்தேன். அறையில் கண்ணாடி முன் நின்று பேசிப் பார்த்தேன். சைக்கிள் மிதிக்கும்போது பேசிப் பார்த்தேன். ஒரு வார்த்தை கூடாமல் குறையாமல் தயார் செய்தேன். சட்டையைப் பிடித்துச் சாதிக்க முடியாததை, சத்தியம் செய்து சாதிக்க முடியாததை இந்தப் பேச்சால் சாதிப்பேன் என்று எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

அம்மன் கோயிலுக்கு எதிரே பூவரச மரத்தடியில் கூட்டம். ஆண்கள் மணலில் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் கோயில் சுவரோரம் நின்றார்கள். அக்காவின் வீட்டுக்காரர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நடுவில் நின்றார். அந்த ஊரில் பெண்பிள்ளை மேல் பிராது என்றால் புருஷன்தான் நிற்கவேண்டும். அவர் காலடியில் அந்த எவர்சில்வர் குடம். அக்கா சுவரோரம் தலையில் முக்காடு போட்டு நின்றார். என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

என்னைப் பேசச் சொன்னார்கள். பேசுவதற்கு முன், யார் வீட்டிலிருந்தாவது என் ஸ்டவ் ஒன்றைக் கொண்டுவரச் சொன்னேன். ஒரு பெண் ஓடிப்போய்க் கொண்டுவந்தாள். நன்றாகப் புழங்கின ஸ்டவ், கரி ஏறியிருந்தது. அதைக் குடத்துக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"பெரியவங்களே, இத்தப் பாருங்க. நான் டப்பு வாங்கினேன், அடுப்பு குடுத்தேன். அன்னிக்கே கணக்கு முடிஞ்சு போச்சு. இந்த அடுப்பு எரியணும்னா நீங்க யாரையும் சேக்க வோணாம். எண்ண ஊத்திப் பத்த வெச்சா எரியும். கெட்டுப்போனா நான் வரேன், பாக்குறேன். இப்பவும் வந்து நிக்கிறேன் பாருங்க. இந்தக் குடம் அப்டி இல்ல. இது பின்னால சேந்தவங்க துட்டு. அவங்க சேரலேன்னா இந்தக் குடம் இல்ல. நான் சாமான் வித்தேன், அவன் ஆளையே வித்தான். அவன் இப்ப எங்க?"

சொல்லிவிட்டு நிறுத்தினேன். கூட்டத்தில் தலைகள் ஆடின. "சரியாத்தான் சொல்றாப்புல" என்று யாரோ சொன்னார்கள். என்னைக் கூப்பிட்ட பெரியவர் ஸ்டவ்வைப் பார்த்தார், குடத்தைப் பார்த்தார். "வேறதான்பா. நீ வேற, அவன் வேற. ஒன்மேல ஊருக்கு ஒண்ணும் இல்ல" என்றார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. டீக்கடையில் என்னைப் பார்த்துச் சிரித்தவனை இங்கே கொண்டுவந்து உட்காரவைத்திருக்கவேண்டும் என்று தோன்றியது.

பெரியவர் அதோடு நிறுத்தவில்லை. அக்காவின் வீட்டுக்காரரைப் பார்த்து, "இன்னாப்பா, கேட்டியா? கொயந்தைக்குக் கூட வெளங்குற மாதிரி சொல்லிட்டாரு. ரெண்டுக்கும் வித்தியாசம் இவ்ளோ பட்டவர்த்தனமா கீது. உன் பொஞ்சாதிக்கு மட்டும் எப்டித் தெரியாம போவும்? தெரிஞ்சுதான சேத்துக்கினு போயிருக்குது?" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் எவ்வளவு தெளிவாகப் பேசினேனோ அவ்வளவும் அந்த மனுஷியின் கழுத்துக்குச் சுருக்காகிவிட்டது. ஏதாவது சொல்லவேண்டும் என்று வாயைத் திறந்தேன். கண்ணாடி முன் நின்று பழகிப் பார்த்த பேச்சில் இதற்கு வார்த்தை இல்லை. அக்காவின் வீட்டுக்காரர் எப்போதும்போல வாய் திறக்காமல் மணலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சுவரோரத்திலிருந்து அக்கா பேசினார். பெண்கள் கூட்டத்தில் பேசுவது வழக்கமில்லை. யாரும் தடுக்கவும் இல்லை.

"எனுக்கு வித்தியாசம் தெர்ல பெரியப்பா. இப்ப இந்தத் தம்பி சொல்றப்போதான் தெரியுது. அந்த நேரத்துல எனுக்கு ரெண்டும் ஒரே மாதிரிதான் இருந்துச்சு. ரெண்டு பேரும் வேகாத வெயில்ல வந்தாங்க. தண்ணி கேட்டாங்க, குடுத்தேன். ஊட்ல வந்து ஒக்காந்துக்கினாங்க. பக்கத்துல கூப்புடுன்னாங்க, கூப்புட்டேன். நாலு பேர வெச்சிக்கினு வாங்கிக்கோன்னாங்க. நம்ம ஊட்ல வந்து தண்ணி குடிச்ச மனுசனாண்ட வோணாம்னு எப்டி சொல்றது? எனுக்கு சொல்ல வரல."

என் பக்கம் திரும்பினார். குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

"கோச்சுக்காத நைனா. உன் அடுப்பு நல்ல அடுப்புதான். ஆனா நான் அத்த ஒரு நாளும் பத்த வெச்சதில்ல. எனுக்கு எதுக்கு அது? முள்ளு சும்மா கெடைக்குது. நீ வரப்போவெல்லாம் குடுத்த திரி அத்தனையும் பரண்ல அப்டியே கீது. வோணாம்னு சொன்னா உன் மூஞ்சி வாடிப் பூடுமேன்னு வாங்கிக்கினேன்."

பிறகு பெண்கள் பக்கத்தில் ஒரு குரல், மெல்ல, "எங்க ஊட்லயும் பரண்லதான் கீது" என்றது. இன்னொருத்தி, "நான் எங்க அண்ணிக்குக் குடுத்துட்டேன். அதுவும் பத்த வெக்கல" என்றாள். யாரோ சிரித்தார்கள். ஸ்டவ்வைக் கொண்டுவந்த பெண் மட்டும், "என்னுது தெனமும் எரியுது" என்று எனக்காகச் சொன்னாள். அவள் இரக்கப்பட்டுச் சொன்னது அந்தச் சிரிப்பைவிட மோசமாக இருந்தது.

மண் பிளந்து உள்ளே போய்விடமாட்டோமா என்பார்களே, அன்றைக்கு எனக்கு அந்த ஏரிக்கரை மணல் அப்படிப் பிளந்திருக்கலாம். வரிந்து கட்டிக்கொண்டு பேசினேனே, நான் சாமான் விற்றேன் என்று. அந்தக் குப்பத்தில் நான் சாமானா விற்றேன்? அந்த மனுஷிக்கு இருந்த நல்ல பெயரை நாலு பேர் நடுவில் வைத்து, அவர் வாயை அடைத்து, அவர் தாட்சண்யத்தைக் காசாக்கியிருக்கிறேன். குடக்காரன் என்னைப் பார்த்துத்தான் தொழில் கற்றானோ என்னவோ. அவன் கொண்டுவந்தது ஒரு சீட்டு, நான் கொண்டுபோனது ஒரு அடுப்பு. அவ்வளவுதான் வித்தியாசம் என்று எனக்கு அன்றைக்குப் பட்டது. இல்லை, வித்தியாசம் நிறைய உண்டு, அடுப்பு எரியும், சீட்டு எரியாது என்று பின்னால் பல நாள் எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். சரிதான். ஆனால் பரணில் கிடக்கிற அடுப்பும் எரியாது.

பெரியவர்கள் தங்களுக்குள் குசுகுசுவென்று பேசினார்கள். தீர்ப்பைச் சுருக்கமாகச் சொன்னார்கள். நல்லவன் என்று நாமே ஒப்புக்கொண்ட ஆளிடமே அந்தப் பெண்ணுக்கு வேண்டாம் என்று சொல்ல வரவில்லை, திருட்டுப் பயலிடம் எப்படி வரும்? தெரிந்து செய்ததாக ஊர் நினைக்கவில்லை. பாடு நிற்காது. குடம் கோயிலுக்கு. இனிமேல் குப்பத்தில் எதை விற்க எவன் வந்தாலும் வீட்டுக்குள் உட்காரக் கூடாது. "இந்த மரத்தடியில வெச்சி வித்துக்கட்டும். வோணும்ன்றவங்க வந்து வாங்கிக்குவாங்க" என்றார் பெரியவர். என்னைப் பார்த்து, "உன்னச் சொல்லலப்பா, பொதுவா சொல்றோம்" என்றும் சேர்த்துக்கொண்டார்.

பின்னால் சில தடவை அந்த மரத்தடியில் ஸ்டவ்வை வைத்துக்கொண்டு உட்கார்ந்தும் பார்த்தேன். ஸ்டவ் தினமும் எரிகிற அந்தப் பெண் திரி வாங்க வந்தாள். வேறு யாரும் வரவில்லை. டீ போட்டால் வருவார்கள் என்று தெரியும். பையில் டீத்தூள் இருந்தது. எடுக்கவில்லை.

கூட்டம் கலைந்த அன்றைக்கு நான் யார் முகத்தையும் பாராமல் சைக்கிளை நோக்கி நடந்தேன். பின்னாலிருந்து அக்கா கூப்பிட்டார்.

"எங்க போறே இந்த வெயில்ல? துன்னுட்டுப் போ."

"உள்ள வரக்கூடாதுன்னு சொல்லிட்டாங்களேக்கா."

"விக்கத்தான வரக்கூடாதுன்னாங்க. துன்னக் கூடாதுன்னு எவன் சொன்னான்? வா."

பசி என்பதே இல்லை. அவர் கூப்பிட்ட பிறகு எனக்கு மறுக்கத் தெரியவில்லை. போய் உட்கார்ந்தேன். அவர் வீட்டுக்காரரும் எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, செம்பை என் பக்கம் நகர்த்தி வைத்தார். முள் அடுப்பில் சட்டி இருந்தது. அக்கா சோற்றைப் போட்டு மடவை மீன் குழம்பை ஊற்றினார். தலையைக் குனிந்தபடி எப்படியோ விழுங்கினேன். பாதியில் அவர் இன்னொரு துண்டு மீனை அகப்பையில் எடுத்துக்கொண்டு வந்தார்.

"வோணாங்க்கா" என்றேன்.

அகப்பை என் தட்டுக்கு மேலே அப்படியே நின்றது. அக்கா என் முகத்தைப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"பரவால்லியே நைனா. உனுக்கு வோணாம்னு சொல்ல வருதே."

ஒரு தடவைகூட வற்புறுத்தாமல், அந்த மீனைத் திரும்பவும் சட்டியிலேயே போட்டுவிட்டார்.